அழுத்தினால் யார் வருவார்? ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியில் வீட்டுப் பாதுகாப்பும் அவசர அலாரங்களும்

சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்ளும் அலாரம் இன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஊசியை இழுத்தால் அலறும். கதவிடுக்கில் செருகும் கட்டை, கழுத்தில் தொங்கும் பட்டன், சிம் கார்டு போட்ட ஜிபிஎஸ் டாலர், கைபேசி ஆப் என்று வகைகளும் பெருகிவிட்டன. விற்பவர்கள் எல்லாரும் சொல்வது ஒன்றே: இதை வாங்கினால் குடும்பம் பத்திரம். ஸ்ரீபெரும்புதூர் முதல் சுங்குவார்சத்திரம், வல்லம், ஒரகடம், படப்பை வரை மூன்று ஷிஃப்டிலும் வேலை நடக்கும் தொழில் பகுதியில் அந்த வாக்கு எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

பதிலைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடலாம். கருவி பாதி வேலையைத்தான் செய்யும். சத்தத்தைக் கேட்டு எழுந்து வரும் ஆள்தான் மீதிப் பாதி. இந்தப் பகுதியில் அந்த ஆள் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் மாறுகிறார். அவரை ஏற்பாடு செய்யாமல் வாங்கும் அலாரம் பெரும்பாலும் ஆணியில் தொங்கும் பொருளாகவே முடிகிறது.

வீட்டில் தனியாக இருப்பவர் யார்?

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2006இல் நோக்கியா வந்தது, 2014இல் மூடியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான், 2012இல் டைம்லர், 2013இல் ராயல் என்ஃபீல்டு ஆகியவை உற்பத்தியைத் தொடங்கின. விவசாய ஊர்களாக இருந்த இடங்கள் இருபது இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் வாடகை ஊர்களாகின. இன்று இங்கே குடும்பம் என்று சொன்னால் பல வடிவங்கள் கண்ணுக்குத் தெரியும். கணவன் சி ஷிஃப்டுக்குப் போனபின் கைக்குழந்தையுடன் இரவைக் கழிக்கும் பெண். மகனும் மருமகளும் ஆலைக்குப் போய்விட, பகல் முழுக்க தனியாக இருக்கும் பாட்டி. ஒரே அறையை வாடகைக்கு எடுத்து ஆளுக்கொரு ஷிஃப்டில் போய்வரும் வெளிமாவட்டப் பெண்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து, அக்கம்பக்கத்தாருடன் பேச மொழியில்லாமல் வாழும் இளம் தம்பதிகள்.

பெண்கள் இரவு ஷிஃப்டில் நிற்பதற்குச் சட்ட வரலாறு ஒன்று உண்டு. தொழிற்சாலைகள் சட்டத்தின் 66ஆம் பிரிவு பெண்களை இரவில் வேலைக்கு வைப்பதைத் தடுத்திருந்தது. அந்தத் தடை சமத்துவத்துக்கு எதிரானது என்று சொல்லி 2000ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியது. கூடவே போக்குவரத்து, பாதுகாப்பு உள்ளிட்ட நிபந்தனைகளையும் விதித்தது. நிபந்தனைகள் ஆலைக்கும் கம்பெனி பஸ்ஸுக்கும் பொருந்தும். பஸ் இறக்கிவிடும் முக்கிலிருந்து வீட்டுக் கதவு வரையிலான இருட்டுக்கும், கதவுக்கு உள்ளே இருப்பவருக்கும் பொறுப்பாளி இல்லை. அலாரம் விற்பவருக்குச் சந்தை திறப்பது அந்த இடைவெளியில்தான்.

லைன் வீடுகளின் அமைப்பையும் பார்க்க வேண்டும். ஒரு நடைபாதை, இருபக்கமும் வரிசையாக அறைகள், கோடியில் பொதுக் கழிப்பறை, முன்னால் வீட்டு ஓனரின் மாடிவீடு. பக்கத்து அறைக்கும் நமக்கும் இடையே ஒரு செங்கல் சுவர்தான். பழைய ஊராக இருந்தால் ஒரு குரல் கொடுத்தால் போதும். இங்கே பக்கத்து அறைக்காரர் ஒன்று வேலையில் இருப்பார், இல்லாவிட்டால் இரவு வேலை முடித்து வந்து ஃபேன் சத்தத்தில் பகல் தூக்கம் போட்டுக்கொண்டிருப்பார். ஆறு மாதத்தில் ஆளே மாறிவிடுவார்.

சத்தம் எவ்வளவு தூரம் போகும்?

சாவிக்கொத்து அலாரத்தின் உட்பகுதி எளிமையானது. பட்டன் வடிவ பேட்டரிகள் சில, மின்சாரம் பாய்ந்தால் அதிரும் ஒரு தகடு, தொடர்பைத் துண்டித்து வைத்திருக்கும் ஓர் ஊசி. ஊசியை இழுத்தால் தகடு அலறும்; திரும்பச் செருகினால்தான் அடங்கும். பேட்டரி வீணாகாமல் இருக்கப் பல மாடல்களில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாளை இடையில் வைத்து அனுப்புகிறார்கள். வாங்கியவர் அந்தத் தாளை உருவ வேண்டும். உருவாமலே பைக்குள் போட்டுக்கொண்டால், ஆபத்து நேரத்தில் ஊசியை இழுத்தாலும் எந்தச் சத்தமும் வராது.

அட்டைப் பெட்டியில் 120 டெசிபல், 130 டெசிபல் என்று அச்சிட்டிருக்கும். எவ்வளவு தூரத்தில் அளந்தது என்று பல பெட்டிகளில் இருக்காது. கருவிக்கு ஒட்டி, 10 செ.மீ. தூரத்தில் அளந்த 120 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். தூரம் பத்து மடங்கானால் ஒலி அளவு 20 டெசிபல் குறையும் என்பது இயற்பியல் விதி. அதன்படி 1 மீட்டரில் 100, 10 மீட்டரில் 80, 100 மீட்டரில் 60. அறுபது டெசிபல் என்பது இருவர் எதிரெதிரே நின்று பேசும் சத்தம். இதுவும் இடையில் எதுவும் இல்லாத வெட்டவெளிக் கணக்கு. சாதாரண மரக்கதவு மூடியிருந்தால் இன்னும் ஏறக்குறைய 20 டெசிபல் போய்விடும். கன்டெய்னர் லாரிகள் ஓயாமல் போகும் வண்டலூர்–வாலாஜாபாத் சாலை ஓரத்தில் 60 டெசிபல் யார் காதிலும் விழாது. பெட்டியில் போட்ட எண்ணை நம்பி வாங்கியவருக்கு அலாரத்தின் எல்லை நடைபாதையின் கோடி வரை இருந்தால் அதுவே அதிகம்.

தொழில் பகுதிக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. இவ்வகை அலாரங்களின் ஒலி பெரும்பாலும் 3,000–4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய கீச்சொலி. இரைச்சலில் ஆண்டுக்கணக்காக வேலை செய்பவர்களின் செவி முதலில் மந்தமாவதும் 4,000 ஹெர்ட்ஸை ஒட்டித்தான். பிரஸ் ஷாப்பிலும் ஃபோர்ஜிங்கிலும் உழைத்த அண்ணன்தான் நம் பக்கத்து வீட்டு ஒரே துணை என்றால், அவர் தூங்கும்போது அந்தக் கீச்சொலி எட்டுமா என்பதை முன்கூட்டியே சோதித்துத்தான் அறிய முடியும்.

எட்டினாலும் எழுந்து வருவாரா என்பது அடுத்த கேள்வி. அமெரிக்காவில் காவல்துறைக்குப் போகும் திருட்டு அலாரங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் பொய்யானவை என்று அந்நாட்டு ஆய்வுகள் தொடர்ந்து சொல்லிவருகின்றன. பல நகரங்களில் வீண் அலாரத்துக்கு அபராதமே விதிக்கிறார்கள். நம் தெருவில் கார் அலாரம் அலறினால் எத்தனை பேர் எட்டிப் பார்க்கிறோம்? குழந்தை விளையாட்டாக மூன்று முறை ஊசியை இழுத்துவிட்டால், நான்காவது முறை நிஜமாகவே அலறும்போது ‘புலி வருது’ கதைதான். ஜப்பானில் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் புத்தகப் பையில் அலாரம் மாட்டிக்கொண்டு போவது சாதாரணக் காட்சி. அது பயன்படுவதற்குக் காரணம் கருவி மட்டுமல்ல. பள்ளி விடும் நேரத்தில் வழியில் நின்று பிள்ளைகளைக் கவனிக்கும் ஊர்ப் பெரியவர்களும்தான்.

அரசு தந்திருக்கும் பட்டன்கள்

காசு கொடுத்து வாங்கும் முன்பே நம் கையில் ஓர் அலாரம் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 2016இல் மத்திய அரசு போட்ட விதிப்படி, 2017 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் ஒவ்வொரு கைபேசியிலும் அவசரப் பட்டன் இருந்தாக வேண்டும். சாதா கைபேசியில் 5 அல்லது 9ஆம் எண்ணை அழுத்திப் பிடிக்க வேண்டும். ஸ்மார்ட்போனில் பவர் பட்டனை அடுத்தடுத்து மூன்று முறை அழுத்த வேண்டும் என்றது விதி. இன்றைய மாடல்கள் சிலவற்றில் ஐந்து முறை, சிலவற்றில் வேறு பட்டனையும் சேர்த்து. அவரவர் கைபேசியில் எப்படி என்பதை அமைப்புகளில் பார்த்துக்கொள்வது நல்லது. அழைப்பு அவசர உதவி எண்ணான 112க்குப் போகும்.

தமிழ்நாடு காவல்துறை 2018இல் ‘காவலன் எஸ்ஓஎஸ்’ ஆப்பை வெளியிட்டது. 2019 இறுதியில் ஹைதராபாத் பெண் கால்நடை மருத்துவர் கொலைக்குப்பின் அதைப் பெருமளவில் மக்களிடம் கொண்டுபோனது. 2022இல் ‘காவல் உதவி’ வந்தது. சிவப்புப் பட்டனை அழுத்தினால் இருப்பிடம் கட்டுப்பாட்டு அறைக்குப் போகும். இருப்பிடம் போவதுதான் இங்கே பெரிய லாபம். அரசின் சிப்காட் தொழிற்பூங்காக்களை ஒட்டி நேற்று முளைத்த நகர்களில் கதவு எண் ஒழுங்காக இருக்காது. போனில் பேசினால் என்ன ஆகும்? “எங்கம்மா இருக்கீங்க?” “ரேஷன் கடைக்குப் பின்னால, தண்ணி டேங்க் பக்கம்.” “எந்த ஊர் ரேஷன் கடை?” இதிலேயே நிமிடங்கள் கரையும். தமிழ் பேச வராத ஒடிசாப் பெண்ணுக்கு அந்த உரையாடலும் கிடையாது. அவருக்காக ஆப் பேசும்.

ஆனால் ஆப்புக்கு டேட்டா வேண்டும், ஜிபிஎஸ் ஆன் செய்திருக்க வேண்டும், சார்ஜ் இருக்க வேண்டும். எல்லை விஷயமும் உண்டு. ஸ்ரீபெரும்புதூர் காஞ்சிபுரம் மாவட்டக் காவல்துறையில் இருக்கிறது. சற்றுத் தள்ளி மணிமங்கலம், 2022 ஜனவரியில் செயல்படத் தொடங்கிய தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகத்தில் இருக்கிறது. “எங்க எல்லை இல்லை” என்ற பதில் வந்தால் அடங்கிப் போக வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம் என்கிறது.

வண்டிகளிலும் பட்டன் வந்துவிட்டது. 2019 ஜனவரி 1 முதல் பதிவாகும் புதிய பொதுப் பயணிகள் வாகனங்களில் இருப்பிடம் காட்டும் கருவியும் அவசரப் பட்டனும் கட்டாயம். மூன்று சக்கர வண்டிகளுக்கு விலக்கு. கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியவரும் பஸ்ஸைத் தவறவிட்டவரும் ஏறுவது ஷேர் ஆட்டோவில். பட்டன் அதிகம் தேவைப்படும் வண்டியில் பட்டன் இல்லை.

முதியவர் கழுத்தில் தொங்கும் பட்டன்

வீட்டில் வயதானவர்கள் இருந்தால் பயப்பட வேண்டியது திருடனுக்கு மட்டுமல்ல. குளியலறை வழுக்கல், நள்ளிரவு நெஞ்சுவலி, அடுப்பில் மறந்துவிட்ட பால் எல்லாம் அதே கணக்கில் சேரும். 1970களில் அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் தனிநபர் அலாரம் வணிகமாக வளர்ந்தது முதியோருக்காகத்தான். கழுத்துப் பட்டனை அழுத்தினால் தொலைபேசி வழியாக ஒரு மையத்துக்கு அழைப்பு போகும். அங்கே இருபத்து நான்கு மணி நேரமும் ஆள் இருப்பார்.

அப்படிப்பட்ட மையங்கள் இருந்தும் என்ன நடந்தது என்பதை 2008இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான கேம்பிரிட்ஜ் ஆய்வு காட்டியது. 90 வயதைத் தாண்டியவர்களை ஓராண்டு கவனித்த ஆய்வு அது. அலாரம் வைத்திருந்தும், தனியாக விழுந்து எழ முடியாமல் கிடந்தவர்களில் நூற்றுக்கு 80 பேர் பட்டனை அழுத்தவே இல்லை. மாட்டிக்கொள்ள மறந்திருந்தார்கள், கை எட்டவில்லை, பிறரைத் தொந்தரவு செய்ய மனமில்லை. கடைசிக் காரணம் நம் வீட்டுப் பாட்டிகளுக்கு இன்னும் அதிகம் பொருந்தும். மருமகளின் வேலை கெட்டுவிடும் என்று வலியைப் பொறுத்துக்கொண்டு கிடப்பவர்கள் அவர்கள். பட்டனைக் கொடுத்தால் மட்டும் போதாது. “சும்மா அழுத்திப் பாரும்மா, நான் வர்றேன்” என்று பக்கத்து வீட்டுக்காரர் வாயாலேயே சொல்லவைத்து, ஒரு தடவை அழுத்தவைத்து, அவர் வந்து நிற்க வேண்டும். அப்போதுதான் கூச்சம் போகும்.

இதற்கு விலையுயர்ந்த கருவியும் வேண்டாம். வயர்லெஸ் காலிங் பெல் ஒன்றை வாங்கி, பட்டனைப் பாட்டியின் கட்டில் பக்கத்திலும் இன்னொன்றைக் குளியலறைத் தரையிலிருந்து கை எட்டும் உயரத்திலும் ஒட்டி, மணியைப் பக்கத்து வீட்டில் மாட்டலாம். இன்டர்நெட் தேவையில்லை, பேட்டரியில் ஓடும் மணியாக இருந்தால் கரண்ட் போனாலும் அடிக்கும். சிம் போட்ட ஜிபிஎஸ் டாலர், வெளியே போய் வழி தவறும் மறதி நோயாளிகளுக்கு நல்லது. ஆனால் ரீசார்ஜ் தீர்ந்தால் அது வெறும் டாலர்தான்.

ஆபத்து வீட்டுக்குள்ளேயே இருந்தால்

அலாரம் விளம்பரங்களில் ஆபத்து எப்போதும் வெளியிலிருந்து, முகம் தெரியாதவனாக வருகிறது. கணக்குகள் அப்படிச் சொல்லவில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பக அறிக்கைகளின்படி, பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் குற்றம்சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்கு முன்பே தெரிந்தவர். 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் திருமணமான 18–49 வயதுப் பெண்களில் 38.1 விழுக்காட்டினர் கணவரின் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். நாடு முழுவதற்குமான அளவு 29.3.

குடித்துவிட்டு அடிக்கும் கணவன் முன்னால் அலறும் அலாரத்தை இழுப்பது நிலைமையை மோசமாக்கலாம். அங்கே தேவைப்படுவது சத்தமில்லாத வழி. தமிழ்நாட்டில் 2018 முதல் இயங்கும் 181 பெண்கள் உதவி எண், மாவட்டந்தோறும் உள்ள ஒருங்கிணைந்த சேவை மையம், 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் நியமிக்கப்பட்ட பாதுகாப்பு அலுவலர் என்று கதவுகள் இருக்கின்றன. நம்பிக்கையான தோழியிடம் ஒரு சங்கேத வாட்ஸ்அப் வார்த்தையைப் பேசி வைத்துக்கொள்வது எந்தக் கருவிக்கும் குறைந்ததல்ல. இந்தப் பகுதியில் சொந்தங்களை விட்டு வந்து குடியேறிய பெண்ணுக்கு அந்தத் தோழி பெரும்பாலும் ஆலை லைனில் பக்கத்தில் நிற்பவர்தான்.

கேட்க ஆளில்லாத அபாயக் குரல்: 2021 டிசம்பர்

யாரும் காது கொடுக்காவிட்டால் அபாயக் குரல் எந்த வடிவம் எடுக்கும் என்பதற்கு இந்த ஊரிலேயே சான்று உண்டு. 2021 டிசம்பரில், ஆப்பிளுக்கு ஐபோன் பொருத்தித் தரும் பாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த ஒரு விடுதியில் உணவு நஞ்சாகி 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகள் எங்கே, எப்படி இருக்கிறார்கள் என்ற விவரம் மற்றவர்களுக்குச் சரியாகக் கிடைக்கவில்லை. சிலர் இறந்துவிட்டதாக வதந்தி கைபேசிகளில் பரவியது. 17ஆம் தேதி இரவு தொடங்கி ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆலை மூடப்பட்டு 2022 ஜனவரி 12இல்தான் திறந்தது. விடுதிகள், உணவுக்கூடங்கள் சில தன் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது.

அந்தப் பெண்கள் ஒவ்வொருவர் கையிலும் கைபேசி இருந்தது. அதாவது ஆளுக்கொரு அவசரப் பட்டன் இருந்தது. ஆனால் குறை சொன்னால் கேட்டுப் பதில் சொல்லும் பொறுப்பான ஒருவர் இல்லை. அதன்பின் வல்லம் வடகாலில் சிப்காட் 706.50 கோடி ரூபாயில் 18,720 பேர் தங்கும் குடியிருப்பைக் கட்டியது; 2024 ஆகஸ்டில் அப்போதைய முதல்வர் மு.க. ஸ்டாலின் அதைத் திறந்துவைத்தார். நல்ல கட்டடம் தேவைதான். ஆனால் பல மடங்கு தொழிலாளர்கள் இன்னும் லைன் வீடுகளிலும் தனியார் விடுதிகளிலும் இருக்கிறார்கள்.

ஆலைக்குத் தெரிந்தது வீட்டுக்கு வரவில்லை

கார் ஆலை லைனில் நிற்பவர்களுக்கு ஆண்டான் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. டொயோட்டாவிலிருந்து உலகெங்கும் பரவிய முறை அது. போல்ட் சரியாக உட்காரவில்லையென்றால் தொழிலாளி கயிற்றை இழுப்பார் அல்லது பட்டனைத் தட்டுவார். மேலே பலகையில் அந்த ஸ்டேஷனின் விளக்கு எரியும், பாட்டு ஒலிக்கும். யார் வர வேண்டும் என்பது முன்பே முடிவானது: அந்த ஷிஃப்டின் டீம் லீடர். குறித்த நேரத்துக்குள் சரியாகவில்லையென்றால் லைனே நிற்கும். கயிறு இழுத்தவரை ஏன் இழுத்தாய் என்று திட்டுவதும் கூடாது. வீட்டு அலாரத்துக்கு வேண்டிய இலக்கணம் முழுவதும் இதில் இருக்கிறது: எளிய பட்டன், இடத்தைக் காட்டும் விளக்கு, பெயர் குறித்த பொறுப்பாளி, அவர் வராவிட்டால் அடுத்த படி. ஒரு போல்டுக்கு இருக்கும் இந்த ஏற்பாடு, அந்தத் தொழிலாளியின் தாய்க்கு வீட்டில் இல்லை.

வீட்டிலிருந்து ஆலைக்குச் செய்தி போவதிலும் தடை உண்டு. மின்னணு ஆலைகள் பலவற்றில் கைபேசியை உற்பத்திக் கூடத்துக்குள் கொண்டுபோக விடுவதில்லை. தயாரிப்பு ரகசியத்துக்காக அது லாக்கரில் கிடக்கும். உலகச் சந்தைக்குப் போகும் ஐபோனில் அவசர அழைப்பு வசதி இருக்கிறது. அதைப் பொருத்தி அனுப்பும் பெண்ணுக்கு, பிள்ளை ஜன்னியில் துடிக்கிறான் என்ற செய்தி ஷிஃப்ட் முடிந்த பிறகுதான் கிடைக்கிறது என்றால் அது மாற்றப்பட வேண்டிய நிலை. வீட்டாரின் பட்டன் முதலில் அழைப்பது பெரும்பாலும் அந்த லாக்கருக்குள் இருக்கும் எண்ணைத்தான்.

ஆய்ந்து கண்டது

முதலில் ஆளை முடிவு செய்யுங்கள், பிறகு கருவியை. ஏ, பி, சி என்று ஷிஃப்டுக்கு ஒரு பெயராக, வரக்கூடியவர் யார் என்று எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள். ஷிஃப்ட் மாறும் வாரத்தில் அந்தத் தாளும் மாற வேண்டும். முதல் பெயர் அரை பர்லாங்கு தூரத்துக்குள் இருப்பவராக இருக்கட்டும். ஊரில் இருக்கும் மாமா அல்ல. ஆலையில் இருப்பவர் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம்.

சத்தம் போடும் அலாரம் வழியில் நடப்பவருக்கும், நெருக்கமான லைன் வீட்டுக்கும் ஏற்றது. முதியவருக்கு வயர்லெஸ் மணி. தனியாக வந்து போகும் பெண்ணுக்குக் கைபேசியின் அவசரப் பட்டனும் ‘காவல் உதவி’யும். வன்முறை உள்ள வீட்டுக்குச் சத்தமில்லாத வழிகள். எதை வாங்கினாலும் சம்பளம் வரும் நாளில் மாதம் ஒருமுறை சோதியுங்கள். அண்டை வீட்டாருக்குச் சொல்லிவிட்டுச் சோதியுங்கள். கதவைச் சாத்திக்கொண்டு இழுத்துப் பார்த்து, யாருக்குக் கேட்டது என்று கேளுங்கள். முகவரியை அடையாளத்தோடு தமிழிலும், வீட்டிலுள்ளவர் படிக்கும் மொழியிலும் எழுதி வையுங்கள்.

வீட்டு ஓனர்கள் பத்து மாத அட்வான்ஸ் வாங்கும்போது நடைபாதைக்கு விளக்கும், கதவுக்குத் தெளிவான எண்ணும், கோடியில் ஒரு பொது மணியும் வைத்துத் தரலாம், பெரிய செலவில்லை. நிறுவனங்கள் இருபத்து நான்கு மணி நேரமும் வீட்டாரின் அவசரச் செய்தியை வாங்கி, லைனில் நிற்பவரிடம் உடனே சேர்க்கும் ஒரு தொலைபேசி எண்ணைத் தர வேண்டும். அந்த எண் அடையாள அட்டையின் பின்பக்கம் அச்சாக வேண்டும். சிப்காட்டும் ஊராட்சிகளும் புதிய நகர்களுக்குத் தெருப் பெயரும் கதவு எண்ணும் தருவதைப் பாதுகாப்பு வேலையாகவே எண்ணிச் செய்ய வேண்டும். ஷேர் ஆட்டோவுக்கான விலக்கை இந்த மாதிரித் தொழில் பகுதிகளுக்காவது அரசு மறுபரிசீலனை செய்ய வேண்டும்.

கடைக்குப் போய் அலாரம் வாங்குவதில் தவறில்லை. வாங்கும் முன், இன்று இரவு அது அடித்தால் யார் வருவார் என்ற கேள்விக்கு ஒரு பெயரைச் சொல்லிப் பாருங்கள். பெயர் வரவில்லையென்றால், முதலில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிப் பேசிவிட்டு வாருங்கள். கடை நாளைக்கும் திறந்திருக்கும்.